பீலி மெலியும் மாதங்களில் வீட்டுத் தண்ணீர்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் பீலி, அதாவது ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாய், மெலிவது ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் என்றால் ஜனவரி தொடங்கி மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடைப் பக்கம் என்றால் ஜூன் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை. இந்த மாதங்களில் லயத்திலும் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்) சரி, புதுக் காணியில் கட்டிய வீட்டிலும் சரி, தண்ணீர்ப் பேச்சு இல்லாமல் பொழுது போகாது. அப்போது திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். டவுன் வீடுகளுக்கான ஆலோசனைகள் எல்லா இடத்திலும் கிடைக்கும், மலைச்சரிவில் இருக்கிற, ஊற்றை நம்பி வாழ்கிற நமக்கு அதில் பாதி பொருந்தாது, சிலது ஆபத்தும்கூட.

இவ்வளவு மழை பெய்கிற ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு எப்படி வருகிறது?

மழை பெய்கிறது, ஆனால் வருடம் முழுக்க ஒரே பக்கம் பெய்வதில்லை. மே மாதம் தொடங்கும் தென்மேல் மழை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் வெறும் காற்றாகத்தான் இறங்கும். வருடக் கடைசியில் வரும் வடகீழ் மழை ஊவாவை நனைக்கிறது, அது ஓய்ந்து ஜனவரி பிறந்ததும் நுவரெலியாப் பக்கம் வெயிலும் இரவுப் பனியும்தான். தேயிலைக்கு நல்ல மணம் ஏறுவதும் இந்தக் காய்ந்த மாதங்களில்தான், ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் திம்புளைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. அதாவது ஏலத்தில் நம் தேயிலை நல்ல விலை போகிற நேரமும் நம் பீலி நூல் போல் ஒழுகுகிற நேரமும் ஒன்று.

இன்னொன்று, ஊற்று என்பது மண் பிடித்து வைத்த பழைய மழை. மேலே காடு இருந்தால் மண் உறிஞ்சிக்கொண்டு மெதுவாக விடும், மேலே எரிந்த புல்மலை என்றால் பெய்தது அன்றைக்கே ஆற்றுக்கு ஓடிவிடும். பெய்யும்போது வெள்ளம், விட்டதும் வறட்சி என்று ஆகிப்போனதற்கு இதுதான் பெரிய காரணம். 2016, 2017ல் நாடு முழுக்க மழை பொய்த்தபோது இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது.

ஒரு வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லீட்டர் இருந்தால் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கக்கூசுக்கு எல்லாம் போதும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. அனர்த்த காலத்தில் ஆகக் குறைந்தது 15 லீட்டர் என்று வைத்திருக்கிறார்கள், அது உயிர் தாங்குவதற்கான கணக்கு, வாழ்வதற்கு இல்லை. ஐந்து பேர் உள்ள வீடு தாராளமாகச் செலவழித்தாலும் 500 லீட்டர். இந்த 500ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்குத் தேவை.

வீட்டில் சிக்கனமாகத்தான் இருக்கிறோம், ஆனாலும் பற்றவில்லை. தண்ணீர் எங்கே போகிறது?

என்னைக் கேட்டால் மலையகத்தில் தண்ணீர் வீணாவது அடுப்படியில் இல்லை, ஊற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில். தோட்டத்துப் பக்கம் எந்தக் கானோரம் (வடிகாலோரம்) நடந்தாலும் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு கறுப்பு ஹோஸ் பக்கத்துப் பக்கத்தில் போகும், ஒவ்வொரு இணைப்பிலும் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருக்கும், அதிலிருந்து பிசிறாகத் தண்ணீர் அடித்துக் கீழே பாசி பிடித்திருக்கும். அதே ஹோஸ் வீட்டு வாசலில் ஒரு பீப்பாவுக்குள் இரவு பகலாக விழுந்து நிரம்பிக் கானுக்குள் போய்க்கொண்டிருக்கும். குழாயே இல்லாதபோது எதை மூடுவது?

ஒரு தரம் அளந்து பாருங்கள். 20 லீட்டர் கேனை ஹோஸுக்கு அடியில் வைத்து, போனில் நேரம் பாருங்கள். நாலு நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 5 லீட்டர். கேட்கச் சின்னத் தொகைதான், ஆனால் ஒரு நாளைக்கு 7,200 லீட்டர் ஆகிறது. உங்கள் வீட்டுக்கு வேண்டியது 500. மீதியில் இன்னும் பதின்மூன்று வீடு பிழைக்கலாம், கீழ் லயத்தில் அக்காமார் குடத்தோடு விடியற்காலை நாலு மணிக்கு வரிசையில் நிற்கவும் வேண்டியதில்லை. இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை, ஒருவரும் தொடாத நேரத்தில் மட்டும் 2,100 லீட்டர் போகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நாம் அளக்காமலே ஆற்றில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பல் விளக்கும்போது குழாயை மூடுங்கள் என்று பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள், நல்லதுதான், மூன்று நிமிடத்துக்கு 15 லீட்டர் மிஞ்சும். ஆனால் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை அது இல்லை.

ஹோஸை மூடினால் மேலே இணைப்புக் கழன்று போகிறதே?

கழலும். ஊற்றுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒவ்வொரு 10 மீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது தெரியாது, மூடின உடனே முழு அழுத்தமும் கீழ்ப் பக்கத்து இணைப்புகளில் ஏறி நிற்கும். 60 மீற்றர் இறக்கம் என்றால் ஆறு பார், மெல்லிய ஹோஸும் டியூப் கட்டும் எங்கே தாங்கப் போகிறது?

இதற்கு வழி நடுவில் ஒரு சின்னத் தொட்டி. மேலிருந்து வரும் தண்ணீர் அதில் விழுந்து, அழுத்தம் உடைந்து, அங்கிருந்து புதிதாகக் கீழே இறங்கும். பழைய பீப்பாவே போதும், மூடியும் மேல் விளிம்பில் ஒரு வழிகால் குழாயும் இருக்க வேண்டும், வழிகிற தண்ணீரை ஓடைக்கோ அடுத்த வீட்டுக்கோ விட வேண்டும். வீட்டு டேங்கில் மிதவை வால்வு ஒன்று போட்டால் நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும், ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். இணைப்புகளுக்கு டியூப் சுற்றுவதை விட்டுவிட்டுத் திருகி இறுக்கும் கிளிப் வாங்குங்கள். புதுக் குழாய் போடுவதாக இருந்தால் பி.வி.சி.யில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், 1000 என்றால் ஏறக்குறைய 100 மீற்றர் இறக்கத்தைத் தாங்கும் என்று அர்த்தம். விலை குறைவு என்று மெல்லியதை வாங்கினால் அடுத்த வருடம் திரும்ப அதே கடைக்குத்தான் போவீர்கள்.

மேலே ஊற்றில் தண்ணீர் இருக்கிறது, ஹோஸில் வரவில்லை. ஏன்?

முதலில் வாயில் இலை அடைத்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் காற்று. ஹோஸ் ஒரு மேட்டில் ஏறி இறங்குகிற இடத்தில் காற்று சிக்கிக்கொள்ளும், தண்ணீர் குறைந்த காலத்தில் அதைத் தள்ளும் வலு இருக்காது. மேட்டின் உச்சியில் உள்ள இணைப்பைக் கழற்றி, காற்றுப் போய்த் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் திரும்ப மாட்டினால் சரி. நிரந்தரமாகச் சரியாக வேண்டுமென்றால் ஹோஸை மேட்டைச் சுற்றிக் கொண்டுபோங்கள்.

மேல் லயத்துக்காரர்கள் எல்லாத் தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறார்கள். சண்டை போடாமல் என்ன செய்யலாம்?

கஷ்டமான கேள்வி. ஊற்றில் பத்து ஹோஸ் தனித்தனியாக வாய் வைத்திருக்கும்வரை, ஆகத் தாழ்வாக, ஆக ஆழமாக வைத்தவருக்குத்தான் தண்ணீர். நல்லவர் கெட்டவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் ஊற்றடியில் மூடிய தொட்டி ஒன்று கட்டி, ஒரே மட்டத்தில், ஒரே அளவில் துளைகள் வைத்து, ஒரு லயத்துக்கு ஒன்று என்று பிரித்துவிடுவதுதான் வழி. மட்டம் முக்கியம், ஒரு துளை இரண்டு அங்குலம் கீழே இருந்தாலும் காய்ந்த காலத்தில் அதில் மட்டும்தான் வரும், திரும்பச் சண்டைதான். ஆள் அதிகமுள்ள லயத்துக்கு இரண்டு துளை கொடுக்கலாம்.

தொட்டிக்குக் காசு இல்லையென்றால் முறை வையுங்கள், காலையில் மேல் லயம், மாலையில் கீழ் லயம், இரவில் யாருக்கும் இல்லை, தொட்டி நிறையட்டும். கோயில் கமிட்டியோ மரண உதவிச் சங்கமோ ஏற்கனவே எல்லா லயத்திலும் இருக்கிறது, திருவிழாவுக்கு வரி பிரிக்கத் தெரிந்த அதே ஆட்களால் தண்ணீருக்கு முறை வைக்கவும் முடியும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அந்தக் கூட்டத்தில் உட்காருவது பெரும்பாலும் ஆண்கள், குடம் தூக்குவது பெண்கள். கொழுந்தை எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற நேரத்தில் தண்ணீர் இருக்கிற மாதிரி முறை அமைய வேண்டுமென்றால் அவர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

அடுப்படியில், குளியலில், துவைப்பதில் மிச்சம் பிடிக்க ஏதாவது உண்டா?

உண்டு. பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவைதான். பாத்திரத்தை ஓடுகிற குழாயில் கழுவாமல் இரண்டு பேசினில் கழுவுங்கள், ஒன்றில் சோப்பு, ஒன்றில் அலசல். சட்டிக் கரியைச் சாம்பலும் தும்பும் போட்டு முதலில் தேய்த்துவிட்டால் அலசத் தண்ணீர் பாதி போதும். அலசிய தண்ணீரைக் கக்கூசுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குந்தி இருக்கும் கோப்பை என்றால் இரண்டு மூன்று லீட்டர் ஊற்றினால் போதும், சிஸ்டன் வைத்த கொமட் என்றால் பழைய மாடல்கள் ஒரு இழுப்புக்கு 9 லீட்டர்கூட விழுங்கும், சிஸ்டனுக்குள் தண்ணீர் நிரப்பிய போத்தல் ஒன்றை வைத்துவிடுங்கள்.

துணியை ஒன்று சேர்த்து வாரத்தில் இரண்டு நாள் துவைப்பது நல்லது. ஒழுகுகிற குழாய்க்கு வொஷர் மாற்றுங்கள், செக்கனுக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 லீட்டர், ஒரு கேன் தண்ணீர்.

கழுவிய தண்ணீரைத் தோட்டத்துக்கு ஊற்றலாமா?

அரிசி, பருப்பு, மரக்கறி கழுவியதைத் தாராளமாக. சோப்புத் தண்ணீரை வாழை, சேம்பு, பூச்செடிக்கு விடலாம், பச்சையாகச் சாப்பிடும் இலைகளுக்கு வேண்டாம். ஒரே இடத்தில் தினமும் ஊற்றினால் மண் இறுகிப்போகும், இடம் மாற்றி ஊற்றுங்கள். வாளியில் இரவு முழுக்க வைத்தால் நாறும், அன்றைக்கே முடித்துவிடுங்கள். பாத்திக்கு மானாப்புல் வெட்டிப் போட்டு மூடினால் போஞ்சிக்கும் கோவாவுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் போதும், மாலையில் ஊற்றுங்கள்.

மழைத் தண்ணீர் சேர்த்தால் பிரயோசனம் உண்டா? காய்ந்த மாதத்தில் மழையே இல்லையே.

காய்ந்த மூன்று மாதத்தை ஒரு டேங்கால் ஓட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த மாதங்களிலும் நடுவில் ஒரு சாயங்கால மழை இடியோடு வரும், அதைப் பிடித்தால் பல நாள் ஓடும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீட்டர், கணக்கு அவ்வளவுதான். 20 அடிக்கு 15 அடிக் கூரை என்றால் ஏறக்குறைய 28 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழைக்கு 280 லீட்டர், சிந்தியது சிதறியது போக 220 என்று வையுங்கள். அது துவைக்கவும் கக்கூசுக்கும் போனால் பீலித் தண்ணீர் குடிக்க மிஞ்சும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1995ல் உலக வங்கி உதவியோடு நடந்த கிராமியக் குடிநீர்த் திட்டம் கூரைத் தண்ணீரைச் சேர்க்கும் 5,000 லீட்டர் டேங்குகளைச் சோதித்துப் பார்த்த மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. கம்பிவலையும் சீமெந்தும் வைத்து மேசன்மாரே கட்டக்கூடிய டேங்குகள் அவை.

மழைத் தண்ணீரைப் பிடிக்கக் கூரை விளிம்பில் பீலி தகரம் கட்டும்போது இரண்டு விஷயம். லயத்துக் கூரை ஒரே கூரை, உங்கள் காம்பராவுக்கு மேலே விழுகிறது உங்களுக்கு என்று பக்கத்து வீட்டோடு முதலில் பேசிக்கொள்ளுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அதை வெட்டவோ துளைக்கவோ காய்ந்த நிலையில் தேய்க்கவோ கூடாது, அந்தத் தூசி மூச்சில் போவதுதான் கெடுதல், தகரத்தைத் தாங்கும் கம்பியை மரச்சட்டத்தில் அடித்துத் தொங்கவிடுங்கள். நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் ஓட்டத்தைப் பிடிக்காதீர்கள், தூசியும் குருவி எச்சமும் அதில்தான் இருக்கும்.

ஊற்றுத் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் அப்படியே குடிக்கலாமா?

கொதிக்க வைத்துக் குடியுங்கள். தண்ணீர் குறையக் குறைய அழுக்கு அடர்த்தியாகிறது, வயிற்றோட்டம் வருவதும் இந்த மாதங்களில்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமெடுப்பதும் அதனால்தான். கிருமி சாக அந்தச் சூடு போதும், நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு ஒன்றிரண்டு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

கொதிக்க வைத்தாலும் போகாத ஒன்று உண்டு. உரமும் பூச்சிமருந்தும். வெலிமடை, கந்தப்பளை மாதிரி மரக்கறித் தோட்டம் நிறைந்த இடத்தில் ஊற்றுக்கு மேலே உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் கைக்குழந்தைக்குப் பால் கரைக்காதீர்கள், கொதிக்கக் கொதிக்க நைட்ரேட் செறிவாகும், குறையாது. ஸ்ப்ரேயரை ஓடையில் கழுவுகிறவரைக் கண்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கக்கூஸ் குழி ஊற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும், ஊற்றுக்கு மேற்சரிவில் என்றால் அந்தத் தூரமும் போதாது, இடத்தையே மாற்றுங்கள்.

தண்ணீர் சேர்த்து வைத்தால் டெங்கு வருமே?

மூடாமல் வைத்தால் வரும். டெங்கு நுளம்பு சுத்தமான தண்ணீரைத்தான் தேடும், முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். பீப்பா வாயில் நுளம்பு வலையை இழுத்து ரப்பர் பட்டி போட்டுக் கட்டுங்கள். வாரம் ஒரு தரம் தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது, உள் சுவரைத் தும்பால் தேய்க்க வேண்டும், முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் இருக்கும். நுளம்பு பெருக இடம் வைத்திருந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வழக்கும் உண்டு, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கும்போது "தண்ணீர் இல்லாமல் சேர்த்து வைத்தோம் ஐயா" என்பது எடுபடாது.

மழைநீரை நிலத்துக்குள் இறக்கக் குழி தோண்டச் சொல்கிறார்களே, செய்யலாமா?

சமதரையில் நல்ல யோசனை. சரிவில் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண் மதிலுக்கு மேலே குழி தோண்டித் தண்ணீரை இறக்கினால் அந்த மண் ஊறி ஒரு நாள் வீட்டுக்குள் வந்து நிற்கும். 2014 ஒக்டோபர் 29ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டேங்க் வழிகிற தண்ணீரையும் அப்படியே சரிவில் விடாதீர்கள், கானுக்குக் கொண்டுபோய் விடுங்கள். 1,000 லீட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு தொன் பாரம், அதை மதில் விளிம்பில் ஏற்றி வைக்கவும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள், மண்சரிவு அபாய இடங்களைக் குறித்து வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

ஊற்று வருடா வருடம் குறைகிறது. டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) மரங்களை வெட்டினால் சரியாகுமா?

டர்பன்டைன் நிறையத் தண்ணீர் இழுக்கும் என்பது உண்மை. ஊற்றுக்குப் பக்கத்தில் அதை நடக்கூடாது. ஆனால் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் வெட்டி மொட்டையாக்கினால் அடுத்த மழையில் மண்ணும் சேர்ந்து வரும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்த இடத்தில் காட்டு மரங்களை வளரவிட வேண்டும், ஊற்றைச் சுற்றிய சின்னக் காட்டை விறகுக்கு வெட்டாமல் விட வேண்டும். மானாப்புல் மலைக்கு நெருப்பு வைப்பதுதான் இதைவிடப் பெரிய கேடு, ஓகஸ்ட், செப்டெம்பரில் எல்லப் பக்கமும் ஹப்புத்தளைப் பக்கமும் வருடம் தவறாமல் மலை எரிகிறது.

எல்லாமே நம் கையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2014 கடைசியில், ஆற்றுத் தண்ணீரைத் திருப்பும் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாயத் தொடங்கிய பிறகு பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அந்த மக்களிடம் போய் வாளியில் குளியுங்கள் என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

கண்ணுக்கு முன்னால் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் கிடக்க, நமக்கு ஏன் தண்ணீர் இல்லை?

அவை மின்சாரத்துக்குக் கட்டியவை, தண்ணீர் கீழே, லயம் மேலே. ஏற்ற மோட்டாரும் மின்கட்டணமும் வேண்டும், ஏற்றினாலும் சுத்திகரிக்காமல் குடிக்க முடியாது. மவுசாக்கலை இறங்கினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும், ஆட்கள் பார்க்கப் போவார்கள். அது தெரிகிறதென்றால் உங்கள் ஊற்றையும் போய்ப் பாருங்கள்.

யாரிடம் கேட்பது? தோட்ட நிர்வாகம் பிரதேச சபையைக் காட்டுகிறது, சபை தோட்ட நிர்வாகத்தைக் காட்டுகிறது.

முன்பு சபை "தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டத்தில் இடமில்லை" என்று கையை விரித்தது. 2018ல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தப் பதில் செல்லாது. கடிதமாக எழுதிக் கொடுங்கள், எத்தனை குடும்பம், அளந்து பார்த்த லீட்டர் கணக்கு, எந்த மாதத்தில் வற்றுகிறது என்று விபரத்தோடு. ஒரு பிரதி தோட்ட நிர்வாகத்துக்கு, ஒன்று கிராம சேவகருக்கு, தேதி முத்திரை வாங்கிய ஒன்று உங்கள் கையில். தேசிய நீர்வழங்கல் சபையின் இணைப்பு உள்ளவர்கள் குழாய் வெடிப்புக்கு 1939ஐ அழைக்கலாம். முழுதாக வற்றிவிட்டால் பிரதேச செயலகத்திடம் பவுசர் (தண்ணீர் லொறி) கேளுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

பவுசர் வந்தால் எதில் பிடிப்பது?

மூடியுள்ள, வெளிச்சம் புகாத கேனில். குடிக்கிற தண்ணீருக்குத் தனியாக ஒன்று, அதற்குள் கையோ கோப்பையோ விடாமல் சரித்து ஊற்றுங்கள், முடிந்தால் அடியில் ஒரு குழாய் பொருத்துங்கள். தேங்காய் எண்ணெய் வந்த கேனைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி எடுக்கலாம். பூச்சிமருந்து, களைநாசினி வந்த கேன் எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். அதைக் கத்தியால் நாலு இடத்தில் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள், நல்ல கேன் என்று நினைத்து வேறு யாராவது எடுத்துப்போய்விடுவார்கள்.